மலேசியா மாமாவின் மோரிஸ் மைனர் போடிக்கு வருமா?

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலரில் ஆட்டோமொபைல்காரன் எழுதினால் "நாளைய உலகில் மின்சாரக் கார்" என்றுதான் எழுதுவான். எனக்கு முன்னால் எழுதிய சீனியர்கள் எல்லாரும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் நேற்றைய உலகத்துக் கார் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். 1964-இல் செய்த கார். இப்போது மலேசியாவில் ஈப்போ பக்கத்தில் ஒரு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அதைப் போடிக்குக் கொண்டுவந்து நம்பர் போட முடியுமா என்று விசாரிக்கப் போய், நான் தெரிந்துகொண்ட சமாச்சாரம்தான் இந்தக் கட்டுரை.

என் அம்மாவின் பெரியப்பா அந்தக் காலத்திலேயே கப்பல் ஏறியவர். ரப்பர் தோட்டத்தில் கிராணி வேலை. அவர் வாங்கி ஓட்டிய மோரிஸ் மைனர் இப்போது அவர் மகனிடம், அதாவது என் மாமாவிடம் இருக்கிறது. போன வருஷம் ஒரு ராத்திரி மாமா போன் போட்டார்.

"மாப்ள, நீ கார் படிப்புத்தான படிக்கிற? பயலுக ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல செட்டில் ஆயிட்டானுக. வீட்டைக் குடுத்துட்டு நான் நம்ம ஊருக்கே வந்துரலாம்னு இருக்கேன். வாங்குறவன் ஷெட்டையும் சேத்துக் காலி பண்ணிக் குடுங்கிறான். அப்பா காரு ஒண்ணு ஊருக்கு வரணும், இல்ல பழைய இரும்புக்குப் போகணும். விசாரிச்சுச் சொல்லுய்யா."

விசாரித்துச் சொல்லு! அப்போதுதான் எனக்கு உறைத்தது. மோரிஸ் மைனரை வரைந்தவர் அலெக் இசிகோனிஸ், 1948 லண்டன் கண்காட்சியில் அறிமுகம், முன்பக்கம் டார்ஷன் பார் சஸ்பென்ஷன், ரேக் அண்டு பினியன் ஸ்டியரிங், பிரிட்டனில் 10 லட்சத்தைத் தொட்ட முதல் கார்... இதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு வண்டி ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எப்படி வருகிறது, அதற்கு யார் நம்பர் கொடுப்பது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். மூன்று வருஷப் பாடத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நம்ம ஜீப்பும் வெளிநாட்டு வண்டிதான்!

மாமா காருக்கு முன்னால் எங்கள் வீட்டு ஜீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பாதிப் பாடம் அதில்தான் படித்தேன்.

விடிகாலை 5 மணிக்கு முந்தல் பக்கம் போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் வரிசையாக மலை ஏறும். 17 கொண்டை ஊசி வளைவு, மேலே போடிமெட்டு, அதைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று பிரிந்து போவார்கள். எங்கள் அப்பா பூப்பாறைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்துப் பார்க்கிறார். உர மூட்டை போவதும், பச்சைக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் போவதும், மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிய அடுத்தவன் வண்டியை இழுப்பதும் எல்லாம் இந்த ஜீப்தான்.

இந்த ஜீப்பின் பூர்வீகம் அமெரிக்கா. இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளின. போர் முடிந்ததும் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்குமதி செய்து பம்பாயில் பூட்டியது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். எங்கள் வண்டி அந்த வம்சத்தில் வந்த சி.ஜே.3பி. ஆர்.சி. புக்கின்படி முதல் பதிவு 1968, கேரளாவில். நான் பிறப்பதற்கு முன்னால் அப்பா அதை மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்காரரிடம் வாங்கி இந்தப் பக்கம் கொண்டுவந்தார்.

அதுவே ஒரு குட்டி இறக்குமதிதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த மாநிலத்து நம்பர் வாங்கியாக வேண்டும். அதற்கு முதலில் பழைய ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கணும். இது 48-வது பிரிவு, படிவம் 28. "இந்த வண்டிக்கு எங்களிடம் வரிப் பாக்கி இல்லை, கேஸ் இல்லை, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்று அவர்கள் எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம் அது. அதை வைத்து இங்கே படிவம் 27 போட்டு, வரி கட்டி, வண்டியைக் காட்டி, புது நம்பர் வாங்க வேண்டும். மேட்டுக்கு மேலே இருந்து கீழே வர அப்பாவுக்கு ஒண்ணேகால் மணி நேரம். காகிதம் வந்து சேர நாலு மாசம்!

ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். 1947-க்கு முன்னால் அதே மேட்டுக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானம். ராஜா வேறு. காசுகூட வேறு, சக்கரம், பணம் என்று தனி நாணயம். நம் ஊர்க்காரன் ஏலக்காய்ப் பறிக்கப் போனாலே அயல்நாட்டுக்குப் போன மாதிரிதான்.

சரி, நாட்டுக்கு நாடு போகும்போதும் முறை இதேதான். பழைய இடத்தில் பேரை அடிக்கணும், எல்லையில் வரி கட்டணும், புது இடத்தில் பேரை ஏற்றணும். இந்த மூன்றில் எது தவறினாலும் வண்டி அநாதை.

முதல் கதவு: உள்ளே விடுவார்களா?

வெளிநாட்டிலிருந்து ஓட்டின கார் ஒன்றைச் சாதாரணமாக இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமானால், செய்து 3 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கணும். மும்பை துறைமுகம் வழியாகத்தான் வரணும். மற்ற நாட்டுக்காரன் ஓட்டித் தேய்ந்த வண்டியையெல்லாம் நம் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நியாயம்தான்.

ரொம்பப் பழைய வண்டிக்கு மட்டும் தனி வழி உண்டு. ரொம்ப காலமாக அது 1-1-1950-க்கு முன்னால் செய்த வண்டிக்குத்தான். மாமா கார் 1964! ஓட்டின கார் என்று சொன்னால் வயசு ஜாஸ்தி, புராதனக் கார் என்று சொன்னால் வயசு பத்தாது. அரை டிக்கெட்டும் கிடையாது, சீனியர் சிட்டிசனும் கிடையாது என்கிற ரெண்டுங்கெட்டான் நிலைமை.

நல்ல வேளையாக, 2025-இல் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் இந்த விதியைத் தளர்த்தியது. இப்போது 50 வருஷம் ஆன வண்டி வரலாம். 1950 மாதிரி நிலையான கோடு கிடையாது, வருஷா வருஷம் கோடு நகரும். மாமா காருக்கு 50 தாண்டி வெகுநாள் ஆச்சு. முதல் கதவு திறந்தாச்சு என்று நான் துள்ளிக் குதித்து மாமாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவசரப்பட்டுவிட்டேன்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை இருக்கிறது. அதுதான் சுங்கம்.

பலர் நினைப்பது என்ன? "என் தாத்தா கார், நான் காசு கொடுத்து வாங்கவில்லை, அதனால் வரி கிடையாது." அப்படி இல்லை. சும்மா வந்தாலும் சுங்கத்துறை அதற்கு ஒரு விலை போடும். அந்த விலையோடு கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்துதான் வரி போடுகிற மதிப்பு. ஒரு பேச்சுக்குக் காரின் மதிப்பு 4 லட்சம், கப்பலும் இன்சூரன்ஸும் ஒன்றரை லட்சம் என்று வையுங்கள். வரி 4 லட்சத்துக்கு அல்ல, ஐந்தரை லட்சத்துக்கு. முதலில் அடிப்படைச் சுங்க வரி, அதன்மேல் இன்ன பிற, அதற்குமேல் ஐ.ஜி.எஸ்.டி. இதில் ஐ.ஜி.எஸ்.டி.யைக் கணக்குப் போடும்போது முன்னால் கட்டின வரியையும் மதிப்போடு சேர்த்துத்தான் போடுவார்கள். வட்டிக்கு வட்டி மாதிரி வரிக்கு வரி! எல்லாம் கூட்டிப் பார்த்தால் வரி மட்டும் அந்த ஐந்தரை லட்சத்தைத் தாண்டிவிடும். பழசு என்பதற்காக வரியில் சலுகை கிடையாது. விதியைத் தளர்த்தினார்கள், வரியைத் தளர்த்தவில்லை.

இன்னொன்று. வண்டி வந்து இறங்கியபின் காகிதம் சரியில்லை என்று நின்றால் துறைமுகத்தில் நாள் கணக்கில் வாடகை ஏறும். அதனால் எந்தத் துறைமுகம், என்னென்ன பேப்பர் என்பதைக் கப்பலுக்குப் பணம் கட்டும் முன்பே ஒரு சுங்க ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். தூத்துக்குடி நமக்குப் பக்கம்தானே, அங்கே இறக்கிக்கலாம் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது.

சுங்கத்தில் கட்டி முடித்ததும் கையில் வருவது பில் ஆஃப் என்ட்ரி. இதை உயிர் போல் வைத்திருக்கணும். ஏனென்றால் இந்த நாட்டில் அந்தக் கார் பிறந்ததற்கு அதுதான் பர்த் சர்டிபிகேட்.

(கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோவதானால் வேறு வழி இருக்கிறது. கார்னே என்று ஒரு புத்தகம். காருக்குப் பாஸ்போர்ட் மாதிரி. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு தாளைக் கிழித்து முத்திரை வைப்பார்கள். வரி கிடையாது. ஆனால் நம் நாட்டில் 6 மாசத்துக்குள் வண்டி வெளியே போயாக வேண்டும். லண்டனிலிருந்து பழைய காரில் இந்தியா சுற்ற வருகிற வெள்ளைக்காரர்கள் இதில்தான் வருகிறார்கள். மாமா ஒரேயடியாக வருகிறவர், அவருக்கு இது உதவாது.)

பென்சில் காப்பி

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். ஏனென்றால் இது நம் வேலை.

சுங்கத்துக்கும் சரி, ஆர்.டி.ஓ.வுக்கும் சரி, கார் என்பது இரும்பு அல்ல, ஒரு நம்பர். சேஸிஸ் நம்பர். பெயிண்ட் மாறலாம், சீட் மாறலாம், ரேடியேட்டர் மாறலாம். சேஸிஸ் நம்பர் மாறினால் அது வேறு கார். அந்த நம்பரை நாம் கையால் எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பென்சில் காப்பி வேணும். சேஸிஸில் நம்பர் குத்தின இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்கணும். சின்ன வயசில் காலணா மேல் தாளை வைத்துத் தேய்ப்போமே, அதேதான். நம்பர் வெள்ளையாக எழும்பி வரும்.

எங்கள் ஜீப்புக்கு அப்பாவோடு சேர்ந்து நானே எடுத்தேன். ஐம்பது வருஷத்து கிரீஸும் சேறும் காய்ந்து கல் மாதிரி இருந்தது. வயர் பிரஷ் போட்டு அழுத்தித் தேய்க்கப் போனேன்.

"டேய், நம்பரையே தேச்சுறாதடா! அதுதான்டா வண்டி!" என்று அப்பா கையைப் பிடித்துவிட்டார்.

சரியான பேச்சு. அழுத்தித் தேய்த்து நம்பரின் ஒரு கால் அழிந்தாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் "என்னப்பா, நம்பரை மாத்திக் குத்தியிருக்கியா?" என்றுதான் முதலில் கேட்பார்.

மோரிஸ் மைனரில் இன்னொரு சிக்கல். ஜீப்புக்கு ஏணி மாதிரி தனி சேஸிஸ், அதன்மேல் பாடி. மோரிஸ் மைனருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடியும் சேஸிஸும் ஒண்ணாகவே செய்த மோனோகாக். பானெட்டைத் திறந்தால் ஃபயர்வாலில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில்தான் அடையாள நம்பர். ஷெட்டில் நின்று ஈரத்தில் அடிப்பகுதி துருப்பிடித்து, அதை வெட்டி வேறு தகடு வைத்துப் பற்றவைத்திருந்தால் என்ன ஆகும்? பாடியில் கை வைத்த கணக்கு வந்துவிடும். அது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மாமாவிடம் பென்சில் காப்பி கேட்டேன். அவர் நம்பர் பிளேட்டின் மேல் தாளை வைத்துத் தேய்த்து அனுப்பினார்! பேராக் மாநிலத்து வண்டிகளுக்கெல்லாம் வருகிற 'ஏ' எழுத்து அழகாக விழுந்திருந்தது. அப்புறம் வீடியோ காலில் பானெட்டைத் திறக்க வைத்து, தகட்டைக் காட்டி, ஒரு வழியாக எடுத்தோம். அங்கே ஆர்.சி. புக்குக்கு 'கெரான்' என்று பெயர். கெரானில் உள்ள நம்பரும் தகட்டில் உள்ள நம்பரும் ஒரு எழுத்து பிசகாமல் பொருந்தியது. எஞ்சினும் அதே 1098 சி.சி. பழைய எஞ்சின்தான், மாற்றவே இல்லை. தாத்தா புண்ணியவான்.

இரண்டாம் கதவு: நம்பர்

15 ஜூலை 2021-இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் புராதன வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் வரிசையாகச் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு பழக்கம். இப்போது நாடு முழுக்க ஒரே முறை.

முதல் பதிவிலிருந்து 50 வருஷம் ஆன இருசக்கர வாகனமோ நாலு சக்கர வாகனமோ, இறக்குமதி ஆனது உட்பட, புராதன வாகனம் ஆகலாம். ஆனால் அசல் வடிவத்தில் இருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. படிவம் 20, இன்சூரன்ஸ், இறக்குமதி வண்டியானால் நான் சொன்ன பில் ஆஃப் என்ட்ரி, இங்கேயே பதிவான வண்டியானால் பழைய ஆர்.சி. இவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசு அமைக்கும் குழு வண்டியைப் பார்த்துத் தகுதி சொல்லும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். பிறகு மறுபதிவுக்கு 5,000. நம்பரில் மாநில எழுத்துக்குப் பின்னால் 'வி.ஏ.' என்று வரும், அப்புறம் இரண்டு எழுத்து வரிசை, நாலு இலக்கம். இங்கேயே பழைய நம்பர் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். விற்றால் 90 நாளுக்குள் சொல்லிவிடணும்.

இறக்குமதியான 1964 காருக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது. சாதாரணப் பதிவு கேட்டால் இன்றைய மாசு விதிக்கும் இன்றைய பாதுகாப்பு விதிக்கும் பொருந்தணும். கார்புரேட்டர் வண்டி எங்கே, பாரத் ஸ்டேஜ் 6 எங்கே!

எல்லாம் படித்துவிட்டு மாமாவுக்குச் சந்தோஷமாகச் சொல்ல உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. அதை முதல் தடவை படிக்கும்போது மேலோட்டமாகத் தாண்டிவிட்டேன்.

புராதன வாகனத்தைச் சாதாரணமாக ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, புராதன கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பராமரிப்பு. இவ்வளவுக்குத்தான் வெளியே எடுக்கலாம். வாடகைக்கும் கூடாது, வியாபாரத்துக்கும் கூடாது.

மாமா போனில் கேட்ட முதல் கேள்வியே, "அப்ப காலைல காரை எடுத்துட்டு மெட்டுக்குப் போய் ஒரு டீ குடிச்சுட்டு வரலாமில்ல மாப்ள?"

"இல்ல மாமா. அதுக்கு எடுக்கக் கூடாது."

"பெட்ரோல் போடப் போகலாம்கிற."

"போகலாம்."

"பெட்ரோல் எதுக்கு? ஓட்டத்தானய்யா பெட்ரோல்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் 40 வருஷம் தாண்டிய காரை வரலாற்று வாகனம் என்று பதியலாம். ரோடு டாக்ஸ் கிடையாது. பெரிய மாற்றம் செய்யாத வண்டியானால் வருஷாந்திரச் சோதனையும் கட்டாயமில்லை. ஆனாலும் தினசரி வேலைக்கு ஓட்டிக்கொண்டு போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்தால் 14 நாளுக்குள் வரித்துறைக்குத் தெரிவிக்கணும், அப்புறம் வண்டியின் வயசுக்கு ஏற்ற நம்பர் கிடைக்கும். அமெரிக்காவில் 25 வருஷம் தாண்டினால் மத்திய அரசின் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு. அதனால்தான் அங்கே பசங்க ஜப்பான் காருக்கு 25 வயசு ஆகட்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கெல்லாம் வயசானால் ரோடு திறக்கிறது. இங்கே வயசானால் துறைமுகம் திறக்கிறது, ரோடு மூடிக்கொள்கிறது. நம் ரோட்டில் கூட்டம் ஜாஸ்தி, பழைய காரின் டிரம் பிரேக்கை நம்பி எதிரில் வருகிறவன் உயிரைப் பணயம் வைக்க முடியாது என்று ஒரு வாதம் இருக்கிறது. வாதம் சரிதான். ஆனால் அதே டிரம் பிரேக் உள்ள எங்கள் ஜீப் தினமும் 17 வளைவு ஏறி இறங்குகிறதே? எஃப்.சி. பார்த்து அனுப்புகிறார்களே? மாமா காரையும் அதே மாதிரி சோதித்து அனுப்பினால் என்ன என்பது என் கட்சி. உங்களுக்கு வேறு கட்சி இருந்தால் கேண்டீனில் பேசுவோம்.

ஜீப்புக்குப் புராதனப் பட்டம் உண்டா?

நம் கிளாஸ் நண்பன் ஒருவன் கேட்டான். "உங்க ஜீப் 1968 தானே, அதுக்கே வி.ஏ. நம்பர் வாங்கலாமே?"

முடியாது. இரண்டு காரணம். முதல் காரணம், பெட்ரோல் விலை கட்டாமல் பழைய சொந்தக்காரர் டீசல் எஞ்சின் மாற்றிவிட்டார். மலைக்கு அதுதான் தோது. அசல் எஞ்சின் இன்லெட் வால்வு மேலே ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கிற அருமையான எஃப்-ஹெட், நம் பாடப் புத்தகத்தில் படம் மட்டும் பார்த்த சாதி. அது எந்தப் பழைய இரும்புக் கடையில் உருகியதோ! நல்லவேளை, எஞ்சின் மாற்றத்தை அப்போதே ஆர்.சி.யில் முறைப்படி ஏற்றியிருந்தார்கள். இல்லாவிட்டால் சாதாரண எஃப்.சி.க்கே தகராறு. மலையில் இன்றும் எத்தனை ஜீப்பில் ஆர்.சி.யில் ஒரு எஞ்சின், பானெட்டுக்குள் ஒரு எஞ்சின் ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். உங்கள் வீட்டு வண்டி அப்படியானால் இந்த லீவிலேயே சரி பண்ணுங்கள்.

இரண்டாவது காரணம், பட்டம் கிடைத்தாலும் எங்களுக்கு வேண்டாம். வி.ஏ. நம்பர் போட்டால் அது உர மூட்டை ஏற்ற முடியாது.

அதனால் ஜீப் சாதாரண வழியில்தான் போகிறது. சொந்த வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. பார்த்துப் புதுப்பிக்கணும். '15 வருஷம் ஆனா வண்டியை உடைச்சுருவாங்களாம்' என்று டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். அந்தக் கெடுபிடி டெல்லி வட்டாரத்தில் வந்தது, அரசாங்க வண்டிகளுக்கு வந்தது. நம் பக்கம் சொந்த வண்டி தகுதியாக இருந்தால் ஓடலாம். ஆனால் கட்டணம் ஏறுகிறது. காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கினார்கள். இறக்குமதியான காருக்கு 80,000! பசுமை வரி தனி. ஏலக்காய் விலை இறங்குகிற வருஷத்தில் இந்தப் பணம் எங்கள் வீட்டில் சின்ன விஷயம் இல்லை.

கார் என்ன ஆச்சு?

கணக்கைத் தாளில் எழுதி மாமாவுக்கு அனுப்பினேன். கப்பல், வரி, ஏஜெண்ட், பதிவு. ஒரு பக்கம் முழுக்கத் தொகை. மறுபக்கத்தில், வருஷத்துக்கு எத்தனை நாள் ஓட்டலாம். அதில் எழுத ஒன்றும் இல்லை. மாமா ஒரு வாரம் போனே எடுக்கவில்லை. நான்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று அம்மா என்னைத் திட்டினார்கள்.

பிறகு அவரே கூப்பிட்டார். ஈப்போவிலேயே மோரிஸ் மைனர் வைத்திருக்கிற ஒரு சீனப் பையன் வந்து பார்த்தானாம். மெக்கானிக்காம். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஓட்டுவேன் அங்கிள், ஷெட்ல போட மாட்டேன்" என்றானாம். கொடுத்துவிட்டார். நான் எடுக்கச் சொன்ன அந்தத் தகட்டின் பென்சில் காப்பியை மட்டும் லேமினேட் பண்ணிக் கொண்டுவந்திருக்கிறார்.

போன மாசம் மாமா போடிக்கு வந்து சேர்ந்தார். மதுரையிலிருந்து ரயிலிலேயே வந்து இறங்கினார். மீட்டர் கேஜை எடுத்த பின் 12 வருஷத்துக்கு மேல் ரயில் இல்லாமல் கிடந்த ஸ்டேஷன், 2023 ஜூனில் இருந்து மறுபடி ஓடுகிறது. மறுநாள் காலை 5 மணிக்கே ஜீப்பில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முந்தல் தாண்டி நாலாவது வளைவில் அப்பா லோ கியர் போட்டபோது, "மாப்ள, இதுக்கு எஃப்.சி. எப்ப வருது?" என்று என்னைக் கேட்டார்.

வருகிற மார்ச்சில் வருகிறது. அதற்குள் நாலு சக்கரத்து டிரம்மையும் கழற்றி லைனிங் மாற்றணும், பின் ஆக்ஸிலில் ஆயில் கசிவு இருக்கிறது, கைப்பிரேக் மலையில் பாதி நேரம் பிடிக்க மாட்டேன் என்கிறது. செமஸ்டர் லீவில் பிராக்டிகல் பண்ண ஆசையுள்ள இரண்டு பேர் இருந்தால் பி பிளாக்கில் வந்து என்னைப் பாருங்கள். சாப்பாடு எங்கள் வீட்டில்.